இந்தப் பருவத்தில் பந்திங் ரசிகர்கள் செய்தவை

சிலாங்கூர் காற்பந்து அணியின் சிவப்பு மஞ்சள் சட்டையோடு அரங்கில் கத்துவது மட்டுமே ரசிகர்களின் வேலை என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்னும் நினைப்பதால், ஆட்டப் பருவம் முடிந்த கையோடு இக்கணக்கைப் பொதுவில் வைக்கிறேன்.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பந்திங் ஊர் ரசிகர்களான நாங்கள் அதிகம் உழைத்தது இரத்ததான முகாமுக்காகத்தான். ஒருமுறை இரத்தம் கொடுத்தவர் மறுமுறை கொடுக்க 12 வாரம் காத்திருக்க வேண்டும் என்பதால், முகாம் தேதிகளை ஆட்ட அட்டவணையோடு பொருத்துவதே பெரும்பாடாக இருந்தது. முந்தைய இரவு குறைந்தது 5 மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும் என்பது விதி. ஆட்டம் பார்த்துவிட்டு விடிய விடியத் தேநீர்க் கடையில் நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தவர்களைத் தாதியர் திருப்பி அனுப்பியது நியாயமே. 17 வயதினருக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் தேவை. செம்பனைக் குலை வெட்டும் வேலை முடிந்து, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்து மகனுடைய அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட்ட ஒரு தந்தை, “நானும் குடுக்கலாமா தம்பி?” என்று கேட்டுத் தாமும் பதிந்துகொண்டார்.

தீபாவளிக்கு அரிசி, எண்ணெய் வழங்கியது வழக்கம்போல் நடந்தது.

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காகப் பழைய காற்பந்துக் காலணிகளையும் திரட்டினோம். அடிப்பகுதி பிளந்தவற்றைத் தயவுசெய்து தர வேண்டாம். தானமென்றாலும் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டுமல்லவா? கையிருப்பில் உள்ளவை பெரும்பாலும் பெரியவர் அளவு என்பதால், சிறுவர் அளவில் வைத்திருப்போர் உள்பெட்டியில் தெரிவித்தால் வீட்டுக்கே வந்து பெற்றுக்கொள்வோம்.