கோலாலம்பூரில் பறவை பார்க்கத் தொடங்குவோருக்கு

2011இல் வந்த 'த பிக் இயர்' படத்தில் மூன்று பேர் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வட அமெரிக்கா முழுக்கப் பறவை தேடி அலைகிறார்கள். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை யார் அதிக இனங்களைக் காண்கிறார் என்பதுதான் போட்டி. அதில் ஜாக் பிளாக்கின் பாத்திரத்துக்குக் குரலை வைத்தே பறவையைச் சொல்லிவிடும் காது. மலேசியாவுக்குக் குடிவந்து இதைத் தொடங்குபவருக்கு முதலில் வேண்டியதும் அதுதான். இங்கே காட்டின் இலையடர்த்தியில் குரல் கேட்ட பறவை கண்ணில் படாமலே போய்விடும்.

பாதிப் பாடம் ஊரிலேயே படித்தாயிற்று. கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) வளாகத்துக் குயில், செடிக்குள் கத்தும் தையல்சிட்டு, கால்வாயோர வெண்மார்பு மீன்கொத்தி எல்லாம் தமிழ்நாட்டில் உள்ள அதே இனங்கள். காகமும் அப்படியே. காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்னட்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. மாங்குயில் மட்டும் வேறு: இங்குள்ளதன் கண்ணிலிருந்து போகும் கறுப்புப் பட்டை பிடரியையும் சுற்றிவரும்.

ஊர் நினைப்பில் காலை ஐந்தரைக்கே போய் நிற்காதீர்கள். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982இல் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டது. சூரியன் உதிக்க ஏழு மணி தாண்டிவிடும். அதிலிருந்து பத்து வரை நல்ல நேரம்.

தொலைநோக்கி 8x42 வாங்குங்கள்: 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்லென்சின் விட்டம் மி.மீட்டரில். 10x42 பெரிதாகக் காட்டும், ஆனால் கைநடுக்கத்தையும் பெரிதாக்கும். கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீட்டரிலிருந்து 4.2 ஆகச் சுருங்குவதால் மரநிழலில் படம் மங்கும். வாங்கியதும் வலக்கண்ணை மூடி நடுச்சக்கரத்தால் இடப்பக்கத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, அதே பொருளைப் பார்த்தபடி வலக்கண் வளையத்தைத் திருப்புங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண் வைக்கும் பக்கத்து விளிம்பு வளையங்களை உள்ளே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் காட்சி குறுகும். பறவையிலிருந்து பார்வையை எடுக்காமல் தொலைநோக்கியைக் கண்ணுக்கு உயர்த்துவதே முறை. குனிந்து எடுத்தால் பறவை தொலைந்தது.

இந்த ஊரில் தொலைநோக்கியைக் கெடுப்பது ஈரம். துணிப்பையில் போட்டு அலமாரியில் வைத்தால் லென்சில் பூஞ்சை படரும், அந்தக் கறை பெரும்பாலும் போகாது. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள், நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்துங்கள். ஏர்கோன் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் வியர்க்கும். துடைத்தால் மறுபடியும் வியர்க்கும், எனவே வரும்போதே பின்பெட்டியில் வைத்துவிடுவது மேல்.

அடுத்து பிரேசர் மலை. கோலாலம்பூரிலிருந்து கோலகுபு பாரு வழியே சுமார் 100 கிலோமீட்டர். அங்கே பல இனங்கள் ஒன்றாக இரைதேடி வரும் கலப்புக் கூட்டம் சில நிமிடங்களில் கடந்துவிடும். எல்லாவற்றையும் துரத்தினால் எதுவும் மனதில் நிற்காது. ஒன்றைப் பிடித்து அலகு, தொண்டை, வால் என்று பார்த்து முடித்த பிறகே அடுத்தது. நடைபாதையில் ரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கும், நெருக்கமாக நெய்த நீளக் காலுறையை முழங்கால்வரை இழுத்துக்கட்டுங்கள்.

மார்ச்சில் போர்ட் டிக்சன் அருகே உள்ள கடல்முனையான தஞ்சோங் துவான். சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகளைத் தூக்கிவிட, கடல்மேல் வெப்பக்காற்று போதாது. அதனால் களைத்து, தாழ்வாகவே கரை சேரும். முற்பகல் பத்துக்குமேல் போனால் போதும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.