கான்ற் ஹாவ் கோன் ஃபார், சேர்!

எங்கள் ஆங்கில மாஸ்டர் இலக்கணப் பெயர்களைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர் அல்ல. கான், மஸ்ற், ஷுட் போன்ற துணைவினைகளுக்கு மோடல் வேர்ப் என்று பெயர்; அதை அவர் கரும்பலகையில் எழுதியதாக நினைவில்லை. தொடர்களைத்தான் தருவார். ‘யூ ஷுட் ஹாவ் ரோல்ட் மீ’, ‘வீ மைற் அஸ் வெல் வோக்’ என்று கடைசி வாங்கு வரை எல்லோரும் சேர்ந்து கத்துவோம். பக்கத்து வகுப்பில் கணிதம் படிப்பிக்கும் சேர் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

இரண்டு இடத்தில் மட்டும் மாஸ்டர் விட்டுக்கொடுக்கமாட்டார். கான், மஸ்ற், ஷுட் வந்தால் பின்னால் வரும் வினைச்சொல் மொட்டையாக நிற்கவேண்டும். ‘ரு’வும் கூடாது, ‘எஸ்’ஸும் கூடாது. ‘ஹீ கான் ஸ்விம்ஸ்’ என்று எழுதினவனின் கொப்பியில் அந்த எஸ்ஸுக்குச் சிவப்பு மையால் வாலும் கீறிவிடுவார். மற்றது, மஸ்ற்றின் இறந்தகாலம். நேற்றுப் போகவேண்டியிருந்தது என்றால் ‘ஹாட் ரு கோ’. ‘மஸ்ற் ஹாவ் கோன்’ என்றால் போயிருப்பான் என்று ஊகிக்கிறோம், அவ்வளவுதான். போயிருக்கமாட்டான் என்று ஊகித்தால் ‘கான்ற் ஹாவ் கோன்’. இதற்கு அவர் புத்தகம் திறப்பதில்லை. வெறுங் கதிரை ஒன்றைக் காட்டுவார்.

“ஆளைக் காணேல்லை. சைக்கிளும் இல்லை. அப்ப?”

“ஹீ மஸ்ற் ஹாவ் கோன் ரு த மட்ச், சேர்!”

“புத்தகப்பை கிடக்குதே?”

“ஹீ கான்ற் ஹாவ் கோன் ஃபார், சேர்!”

இன்று நான் லண்டனில் கார் பழக்குகிறேன். இங்குள்ள வீதி விதிப் புத்தகமான ஹைவே கோட் 1931இல் முதலில் வந்தது. மாஸ்டர் கண்டிருந்தால் வகுப்புக்கே கொண்டுவந்திருப்பார். அதில் மஸ்ற், மஸ்ற் நொட் என்று பெரிய எழுத்தில் இருந்தால் சட்டம், மீறினால் குற்றம். ஷுட் என்றிருந்தால் அறிவுரை. அதை மீறியது மட்டும் குற்றமாகாது, ஆனால் வழக்கென்று வந்தால் நீதிமன்றத்தில் அதையும் எடுத்துக் காட்டலாம். 2022 ஜனவரியில் பாதசாரிகளுக்காகச் சேர்த்த விதியில் இரண்டும் பக்கம் பக்கமாக வருகின்றன. சீப்ரா கடவையில் ஆள் இறங்கிவிட்டால் நீங்கள் வழிவிடுவது மஸ்ற். கடக்கவென்று ஓரத்தில் காத்து நின்றால் ஷுட். இடையில் இருப்பது ஒரு காலடி.

“எக்சாமினர் ரெண்டுக்கும் ஃபோல்ற் போடுவார்தானே அண்ணை, பிறகென்ன வித்தியாசம்?” என்று ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளை ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். வித்தியாசம் லைசென்ஸ் எடுத்த பிறகு, பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் முன்னால்தான் தெரியும் என்றேன். கடவைக்கு ஐம்பது யார் முன்னரே வேகத்தைக் குறைத்தால் இந்த ஆராய்ச்சியே தேவையில்லை என்பது வேறு கதை.

மாஸ்டர் சொல்லித்தராததும் உண்டு. வேலைத்தலத்தில் வெள்ளைக்கார மேலாளர் ‘யூ மைற் வோன்ற் ரு செக் தற்’ என்று மெல்லச் சொன்னால், விருப்பமிருந்தால் பார் என்று எடுக்கக்கூடாது. உடனே பார் என்கிறார். ‘யூட் பெற்றர் மூவ் தற் கார்’ என்று அயலவர் சொன்னாலும் அப்படித்தான். பெற்றர் என்ற சொல்லைக் கேட்டு நல்ல யோசனை என்று தலையாட்டிக்கொண்டு நின்றால் கதை கந்தல். காரை எடுக்காவிட்டால் வினை வரும் என்ற எச்சரிக்கை அது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் அந்தத் தொடரைப் பாட்டுப்போலத்தான் சொன்னோம். அதை எந்தக் குரலில் சொல்வார்கள் என்பது இந்த ஊரில் இருந்தால்தான் பிடிபடும்.

எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில், சங்க ஒன்றுகூடலுக்கு வராதவர்கள் மறுநாள் வரிசையாகச் சாக்கு எழுதுவார்கள். ‘ஐ வுட் ஹாவ் கம், பட்...’ பட்டுக்குப் பின்னால் வருவது ஆளுக்காள் மாறும்: மகளின் நடன வகுப்பு, இரவு வேலை, முழங்கால் நோ. ஒருவராவது ‘வுட் ஹாவ் கேம்’ என்று பிழையாக எழுதியதை நான் இன்னும் காணவில்லை.