அமரிக்கையும் நம்பிக்கையும்: ஊட்டி ஸ்டீபன்ஸ் ஆலயத்தில் ஒரு ஞாயிறு

அக்காவுக்குச் சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் அடுத்தது செவ்வாய்க்கிழமைதான். அந்த இடைவெளிக்குள் ஊட்டி போய் ஸ்டீபன்ஸ் ஆலயத்தில் ஜெபித்து வரவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. டாக்டரும் சம்மதித்தார்; ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்ற கணக்கு மட்டும் தப்பக் கூடாது என்றார். கோவையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினோம். குன்னூரில் எல்லோரும் சூடாக டீ குடிக்க, அக்கா அரை டம்ளரோடு நிறுத்திக்கொண்டாள். இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருப்பதால் ஸ்வெட்டர் கையை அவளே பிரித்துத் தளர்வாகத் தைத்திருந்தாள்.

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் ஆலயத்துக்குள் போக முடிந்தது. 1829ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டி, அடுத்த ஆண்டு நவம்பரில் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம். அண்ணாந்து பார்த்தால் கனத்த மர உத்தரங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைத் தாங்கி நின்ற மரங்கள் அவை. அரண்மனை போனது, மரம் இன்றும் கூரையைத் தாங்குகிறது. கர்த்தருடைய கடைசி இராப்போஜன ஓவியமும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனாலும் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது அந்த உத்தரங்களைத்தான்.

அக்கா பின்வரிசையில் உட்கார்ந்து ஏசாயா 30ஆம் அதிகாரத்தைத் திறந்தாள். "அமரிக்கையும் நம்பிக்கையுமே உங்கள் பெலனாயிருக்கும்." அமரிக்கை என்றால் பதறாமல் அமர்ந்திருக்கும் அமைதி. அசீரியாவுக்குப் பயந்து எகிப்தின் துணையையும் குதிரைகளையும் தேடி ஓடிய யூதா ஜனங்களுக்கு ஆண்டவர் சொன்ன வார்த்தை இது. சுகமாக இருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டதல்ல, எதிரி வாசலுக்கு வரப்போகிற வேளையில் சொல்லப்பட்டது என்பதுதான் என்னை எப்போதும் தொடுகிறது. அவர்கள் அதற்கு மனதில்லாமல் போனார்கள் என்றும் அதே வசனம் சொல்கிறது. பயந்தவனுக்கு உட்கார்ந்திருப்பதைவிட ஓடுவது எளிது.

அம்மாவுக்கு வயதாகிவிட்டது, எனக்குச் சர்க்கரை நோய். இருவராலும் சிறுநீரகம் கொடுக்க முடியாது. உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்கிறோம். இந்தக் காத்திருப்பில் ஒரு முள் உண்டு. அவளுக்குச் சிறுநீரகம் கிடைக்க வேண்டுமானால் எங்கோ ஒருவர் மூளைச்சாவு அடைந்திருக்க வேண்டும். அந்தக் குடும்பம் அழுதுகொண்டே சம்மதித்திருக்க வேண்டும். "இதை எப்படிக் கேட்டு ஜெபிப்பது அக்கா?" என்று அங்கே கேட்டேன்.

"நான் அதைக் கேட்பதே இல்லை, தம்பி" என்றாள். "யாரும் சாக வேண்டும் என்று எந்த வாயால் கேட்பேன்? செவ்வாய்க்கிழமை ஊசி குத்தும்போது என்னோடு இரும் என்று ஆண்டவரிடம் கேட்கிறேன். அவரும் இருக்கிறார். அந்தக் குடும்பம் எதுவானாலும், அவர்களை அன்றைக்குத் தாங்கும் என்று கேட்கிறேன்."

என் கையை எடுத்துத் தன் ஃபிஸ்டுலாவின் மேல் வைத்தாள். தோலுக்கு அடியில் ரத்தம் பாயும் அதிர்வு, மெல்லிய ரீங்காரம்போல விரலில் ஏறியது. தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்ப்பாள். நின்றிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஓடுகிறது என்று தெரிந்ததும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் படுக்கையைவிட்டு இறங்குவாளாம். இவளுக்கு எங்கிருந்து இந்தப் பெலன் வருகிறது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டதுண்டு. பெரிய அற்புதம் ஒன்றிலிருந்து அல்ல. ஒவ்வொரு விடியலிலும் அந்த நாளுக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறாள்.

பின்னால் கல்லறைத் தோட்டம். ஊட்டி நகரம் உருவாகக் காரணமாயிருந்த கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இருவரும் இறந்தது 1838ஆம் ஆண்டில். அந்த வீட்டிலும் ஜெபம் ஏறெடுத்திருப்பார்கள் அல்லவா? காத்திருந்தால் கேட்டது கட்டாயம் கிடைக்கும் என்று சொல்லும் பிரசங்கங்களை என்னால் ஏற்க முடிவதில்லை. வேதத்தில் அத்தனை துன்பங்களைப் பட்ட யோபுவுக்குக்கூடக் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை, ஆண்டவர்தான் வந்தார். அக்கா அந்தக் கல்லறைகளுக்கு முன் சற்று நேரம் தலைகுனிந்து நின்றாள்.

திரும்பும்போது காணிக்கைப் பெட்டியில் ஒரு கவர் போட்டாள். மேலே 'ஸ்தோத்திரக் காணிக்கை' என்று எழுதியிருந்தது.

இன்னும் அழைப்பு வரவில்லை. இரவு எங்கள் குடும்ப ஜெபத்தில் இப்போது முகம் தெரியாத ஒரு குடும்பத்துக்காகவும் ஜெபிக்கிறோம். அந்தப் பகுதியை அம்மா சொல்கிறார்.