ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ரூம்

மதுரையிலிருந்து சென்னைக்கு மூன்று நாள் பயணம். ரயில் டிக்கெட் எடுக்க ஐந்து நிமிடம். எங்கே தங்குவது என்று முடிவு செய்ய ஒரு வாரம். அம்மாவுக்கு மயிலாப்பூர், எழுந்ததும் கபாலி கோயிலுக்கு நடந்தே போக வேண்டும். மனைவிக்குத் தி.நகர், ரங்கநாதன் தெருவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஆட்டோ குறுக்கிடக் கூடாது. மகனுக்கு மெட்ரோ. எனக்கு வாடகை.

தி.நகர் கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டது. அப்போதுதான் ஓட்டல்காரர், "செக்-இன் 12 மணிக்குத்தான் சார்" என்றார். பாண்டியன் எக்ஸ்பிரஸ் எழும்பூரில் இறக்கிவிடுவதோ விடியற்காலை ஐந்தரைக்கு. அதுவரை பெட்டிகளோடு எங்கே உட்காருவது?

எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரில் ஒரு லாட்ஜ். எப்போது வேண்டுமானாலும் வரலாம், 24 மணி நேரக் கணக்கு என்றார்கள். மெட்ரோ பக்கத்திலேயே. தி.நகருக்கு இறங்க வேண்டிய மாம்பலம், மின்சார ரயிலில் நாலாவது ஸ்டேஷன். மயிலாப்பூருக்கு மட்டும் ஆட்டோ. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் ராத்திரி ஜன்னலைத் திறந்தோம். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." முத்துநகர், அனந்தபுரி, நெல்லை, பாண்டியன், மலைக்கோட்டை என்று தென்மாவட்டங்கள் மொத்தமும் எங்கள் தலைமாட்டிலிருந்துதான் கிளம்பிப் போயின. அதுவும் ஒவ்வொன்றும் மூன்று மொழிகளில். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம். மறுநாள் ராத்திரி அம்மாவுக்குப் பழகிவிட்டது. "நெல்லை போயிருச்சு, இனி நம்ம பாண்டியன்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டினார்கள். "காலி பண்றீங்களா சார், இல்ல இன்னொரு நாள் போட்டுக்கவா?"

ஐந்தரைக்கு உள்ளே வந்தவன் ஐந்தரைக்குத்தானே வெளியேற வேண்டும்! எங்கள் ரயில் ராத்திரிதான். தி.நகர் பைகள் மட்டும் ஒன்பது. வாயை மூடிக்கொண்டு மூன்றாவது நாள் வாடகையும் கட்டினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள்.

கட்டிய காசுக்கு ஈடாகக் கடைசி நிமிடம் வரை படுத்திருந்தோம். எதிரில்தானே ஸ்டேஷன்! பாண்டியனுக்கு அறிவிப்பு வந்த பிறகு நிதானமாக எழுந்து, பை எண்ணி, மறந்த சார்ஜருக்காக மகன் மறுபடி மாடியேறி, சாலையைக் கடப்பதற்குள் ரயிலுக்குப் பச்சை விளக்கு விழுந்துவிட்டது. கைக்கு எட்டிய பெட்டியில் ஏறி, எங்கள் பெட்டி வரை ஒன்பது பைகளோடு வண்டிக்குள்ளேயே நடந்தோம்.

சீட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய அம்மா சொன்னார்: "அடுத்த தடவை மயிலாப்பூர்லயே தங்குவோம்டா. தூரமா இருந்தாத்தான் சீக்கிரம் கிளம்புவோம்."