ஒரு பிரிவா, இரண்டு பிரிவா

கூடுதலாகத் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கு அரசு பணம் தரும், உற்பத்தியுடன் இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்தைக் கையாள எங்கள் துறையில் இரண்டு தனிப் பிரிவுகள் வேண்டும் என்று கோப்பில் குறிப்பு எழுதியவன் நான். வழிகாட்டு நெறிமுறைகளை வகுப்பதும் நிறுவனங்களோடு பேசி முதலீட்டை வரவழைப்பதும் ஒன்றின் வேலை. கோரிக்கைகளைச் சரிபார்த்துத் தொகையை விடுவிக்கப் பரிந்துரைப்பது மற்றதன் வேலை. கோப்பு மேலே போவதற்கு முன், பணியில் என்னைவிட மிக மூத்தவரான பிரிவு அலுவலர் சொன்னார்: “சார், இப்படிப் பிரித்தால் தொழில் தெரிந்தவரிடம் கோப்பு இருக்காது, கோப்பு இருப்பவருக்குத் தொழில் தெரியாது.” “தணிக்கையில் கேட்டால் என்ன பதில் சொல்வது?” என்றேன். அவர் மேற்கொண்டு வாதிடவில்லை. வாதிட்டிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

என் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1991 ஜூலை 24 தொழிற்கொள்கை அறிக்கை 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு உரிமத்தை நீக்கியபோது, யார் எதை எவ்வளவு தயாரிக்கலாம் என்று மேசைக்குப் பின்னால் அமர்ந்து தீர்மானிக்கும் வேலை முடிந்துவிட்டதாகவே நினைத்தோம். 2020-இல் தொடங்கி 14 துறைகளுக்கு விரிந்து, ஏறத்தாழ ரூ.1.97 லட்சம் கோடி ஒதுக்கீடு பெற்ற இத்திட்டம், வேறொரு வடிவில் அந்த மேசையைத் திரும்பக் கொண்டுவந்தது. முன்பு அனுமதி கொடுத்தோம், இப்போது பணம் கொடுக்கிறோம். ஒரு நிறுவனத்தை வாருங்கள் என்று அழைத்த அதிகாரியே அதன் கோரிக்கைக்கும் கையெழுத்திட்டால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்தக் கையெழுத்தை வெளியிலிருப்பவர் எதற்காக நம்ப வேண்டும்?

பிரிவுகள் செயல்படத் தொடங்கிய பிறகு, உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் கோரிக்கை வந்தது. அது காட்டியிருந்த முதலீட்டில் கணிசமான பகுதி பிளாஸ்டிக் வார்ப்புக்கான மோல்டுகள்; அவையோ துணை ஒப்பந்ததாரர் ஒருவரின் கூடத்தில் இருந்தன. விண்ணப்பதாரரின் வளாகத்தில் இல்லாததை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று சரிபார்ப்புப் பிரிவு கேட்டது. பட்டயக் கணக்காளர் சான்றிதழ் வந்தது. மோல்டில் பொறித்த எண்ணும் விலைப்பட்டியலில் உள்ள எண்ணும் பொருந்தும் புகைப்படங்கள் வந்தன. அடுத்த கேள்வியும் போனது. அந்தத் தொழிலில் மோல்டு, பாகத்தைச் செய்யச் சொல்பவருடையது; அதை ஓட்டும் எந்திரம் வேறொருவருடையது என்பது சாதாரண நடைமுறை. இதை அறிந்தவர்கள் இரண்டு அறை தள்ளி அமர்ந்திருந்தார்கள். கோப்பு அவர்களிடம் போக வேண்டிய வழியை நான் வரைந்த அமைப்பில் எங்கும் காட்டவில்லை, வேண்டுமென்றேதான் காட்டவில்லை.

அந்த ஆண்டு நிதியாண்டு முடிவதற்குள் தொகை போகவில்லை. நிறுவனத்திலிருந்து வந்தவர் கோபப்படவில்லை. வங்கிக்குச் சொல்ல ஒரு தேதி மட்டும் கேட்டார். என்னிடம் தேதி இல்லை.

ஜப்பானில் 1949 முதல் 2001 வரை இருந்த சர்வதேச வர்த்தக, தொழில் அமைச்சகத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் தனிப் பணியகம் இருந்தது. அவற்றுக்குக் குறுக்கே எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான பணியகங்களும் இருந்தன. இளம் அதிகாரிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். தொழிலோடு அவர்களுக்கிருந்த நெருக்கத்தைப் பலர் புகழ்வார்கள். ஓய்வுக்குப் பின் அதே நிறுவனங்களில் பதவி ஏற்கும் பழக்கமும் அந்த நெருக்கத்தோடு சேர்ந்தே வளர்ந்தது என்பதை நான் சுட்டிக்காட்டுவேன். இதைச் சொல்லும்போதெல்லாம் என் பக்கம் வலுவாகத்தான் தெரிகிறது, மோல்டுக் கோப்பு நினைவுக்கு வரும்வரை.

வேறொரு அமைச்சகத்தில் ஒரே பிரிவு இரண்டையும் செய்தது. பணம் விரைவாகப் போனது என்றார் அங்கிருந்த நண்பர். நிறுவனங்களுக்கு யார் என்ன வாக்குறுதி கொடுத்தார்கள் என்று கேட்டேன். எல்லாம் தொலைபேசியில் பேசியதுதான், கோப்பில் ஒன்றும் இல்லை என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அவர் விடுவித்த தொகையில் எங்கோ ஒரு தொழிற்கூடம் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த திட்டத்துக்கான அமைப்பிலும் இரண்டு பிரிவுகளையே பரிந்துரைத்தேன். தொழில்நுட்ப ஐயம் எழுந்தால் சரிபார்ப்புப் பிரிவு மற்றதன் எழுத்துபூர்வ கருத்தை 15 நாளில் பெற வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். தாமதமும் நெருக்கமும் ஒன்றாக வந்து சேரும் ஏற்பாடு இது என்கிறார் எனக்குப் பின் அந்த இருக்கைக்கு வந்தவர். அந்த வரியை அவர் இன்னும் நீக்கவில்லை.