அப்பத்தாவின் மாத்திரைப் பை

செக்கானூரணிக்கு அருகே ஊரில் இருக்கும் என் அப்பத்தாவுக்கு வயது 78. சென்ற ஆண்டு மூச்சுத்திணறல் என்று மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். வீடு திரும்பிய மூன்றாவது வாரமே மறுபடியும் சேர்க்க வேண்டியதாயிற்று. இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் சேர்ந்திருக்கிறது என்று இரண்டு முறையும் சொன்னார்கள். அந்த நீர் ஏன் மறுபடி சேர்ந்தது என்று எவரும் கேட்கவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதைக் கேட்டவர் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்த செவிலியர். இரத்த அழுத்த மாத்திரை கொடுக்க மாதந்தோறும் வரும் தன்னார்வலர் அம்மா, அப்பத்தாவின் கால் வீக்கத்தைக் கண்டு அவரிடம் சொல்லியிருக்கிறார். செவிலியர் மாத்திரைப் பையைப் பாயில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரவில் அடிக்கடி எழ வேண்டியிருக்கிறது என்று நீர் பிரியும் மாத்திரையை அப்பத்தா தாமாகவே நிறுத்தியிருந்தார்; முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கைத் தினமும் விழுங்கியிருந்தார். அந்த வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும், சிறுநீரகத்தையும் வாட்டும் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் நீர் மாத்திரையைக் காலை வேளைக்கு மாற்றினார். இயன்முறை மருத்துவர் வலி மாத்திரைக்குப் பதிலாக நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பத்து நாள் படுத்ததில் தொடைச் சதை வற்றி, பிடிமானமின்றி நடக்க முடியாதிருந்தவருக்கு வலி மாத்திரையைக் காட்டிலும் அந்தப் பயிற்சியே அதிகம் தேவைப்பட்டது. தினமும் காலையில் எடை பார்த்து நாட்காட்டித் தாளில் குறிப்பது என் சித்தியின் வேலை. மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் செவிலியருக்குச் சொல்ல வேண்டும்.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்த உறவினர்களோடு ஊறுகாயும் வத்தலுமாகச் சாப்பிட்டதில் எடை அப்படித்தான் ஏறியது. சித்தி உடனே தொலைபேசியில் சொன்னார், மருத்துவர் நீர் மாத்திரையின் அளவைச் சில நாள்களுக்குக் கூட்டினார், வீக்கம் வடிந்தது. ஆம்புலன்ஸ் வரவேண்டியிருக்கவில்லை.

மருத்துவர், செவிலியர், ஊர்ப் பணியாளர் எல்லோரும் ஒரு குழுவாக இயங்க வேண்டும் என்று 1978இலேயே, ஆரம்ப சுகாதாரம் பற்றி உலக நாடுகள் கூடி வெளியிட்ட அல்மா ஆட்டா பிரகடனம் சொல்லிவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய நம் மாநிலத் திட்டத்தில் அந்தக் குழு வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் எங்கள் அனுபவத்தில் பெரிய மருத்துவமனைக்கும் அந்தக் குழுவுக்கும் நடுவே ஒரு தாள்கூடப் போகவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டு மூன்று வாரமும் எங்கள் பீரோவில்தான் கிடந்தது. வீட்டுக்கு அனுப்பும் அன்றே அதன் நகல் அந்தந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு வாரத்துக்குள் யாராவது வந்து பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும். மருத்துவமனைகளிடம் நான் கேட்பது இதுதான். அதுவரை, வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் அந்தச் சீட்டை நீங்களே கொண்டுபோய்ச் செவிலியரிடம் கொடுங்கள்.