அப்பாவின் பைபாஸும் அந்த மெஷினும்

அப்பாவுக்கு இதயக் குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ்தான் வழி என்று கோயம்புத்தூரில் சொல்லிவிட்டார்கள். காப்பீட்டு அட்டைக்கு அலைந்தது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரையை 5 நாள் முன்பே நிறுத்தி, ஆஸ்பிரினை மட்டும் தொடரச் சொன்னார்கள். ரத்தம் கொடுக்க கோபியிலிருந்து பங்காளிகள் வேன் பிடித்து வந்தார்கள்.

வழக்கமாக பைபாஸின்போது இதயத்தை நிறுத்திவிட்டு, இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் ஒரு மெஷினிடம் விடுவார்கள். இதயம் துடிக்கும்போதே, அந்த மெஷின் இல்லாமலும் செய்வார்கள் என்று பக்கத்து பெட்காரர் கிளப்பிவிட்டிருந்தார். "ஏனுங்க டாக்டர், அப்படிப் பண்ண முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

மெஷினில் ஓடும் ரத்தம் பிளாஸ்டிக் குழாய்களில் பட்டதுமே உறையப் பார்க்குமாம். கூடவே வெள்ளை அணுக்களும் காம்ப்ளிமென்ட் எனும் நோய் எதிர்ப்புப் புரதங்களும் கிளர்ந்து உடம்பெங்கும் அழற்சி உண்டாகும். உறையாமலிருக்க ஹெபாரினை ஏராளமாகக் கொடுப்பார்கள். ஏசிடி என்றொரு பரிசோதனையில், சாதாரணமாக 2 நிமிடத்துக்குள் உறையும் ரத்தம், மெஷின் ஓடும்போது பொதுவாக 480 வினாடி தாண்டியும் உறையக் கூடாது. முடிந்ததும் புரோட்டமைன் கொடுத்து ஹெபாரினை முறிப்பார்கள். அதற்குள் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சோர்ந்திருக்கும். மெஷினில் நிரப்பிய திரவம் கலந்து ரத்தமும் நீர்த்திருக்கும். கசிவு வருவது இதனால்தான்.

அப்படியானால் மெஷின் இல்லாததுதானே நல்லது? அங்கேதான் சிக்கல். 2012-இல் வெளியான 'கரோனரி' என்ற பெரிய ஆய்வில், மெஷின் இல்லாதவர்களுக்கு ரத்தம் ஏற்றுவது குறைந்தது. ஆனால் முதல் 30 நாளில் மரணம், பக்கவாதம், மாரடைப்பு, டயாலிசிஸ் வரை போகும் சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. மறுபடி அடைப்பு நீக்க வேண்டி வந்ததும் மெஷின் இல்லாதவர்களுக்கே அதிகம். அப்பாவின் குழாய்கள் மெலிசு, அசையாத இதயத்தில் தைப்பதே நல்லது என்றார் டாக்டர். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

முதல் ராத்திரி, நெஞ்சில் வைத்த வடிகுழாயில் ரத்தம் நிற்கவே இல்லை. நர்ஸம்மா மணிக்கொரு தரம் அளந்தார். தட்டணு ஏற்றிய பிறகுதான் குறைந்தது. மறுநாள் காய்ச்சல், வெள்ளை அணுக்களும் எகிறியிருந்தன. முன்பே கேட்டு வைத்திருந்ததால் பதறவில்லை. கண்ணாடி கேட்டு வாங்கிய அப்பாதான், "கண்ணு, மூஞ்சி இட்லியாட்ட வீங்கிக் கெடக்குது" என்று சடைத்துக்கொண்டார். நீர் இறங்க ஊசி போட்டார்கள்.

மெஷினின் எதிர்வினையால் வரும் காய்ச்சல் சில நாளில் தணிந்துவிடுமாம். தணியாவிட்டாலோ, விட்டுத் திரும்ப வந்தாலோ, தையலில் சீழ் தெரிந்தாலோ தொற்றாக இருக்கலாம், உடனே கூட்டிவரச் சொன்னார்கள். டிஸ்சார்ஜ் தாளிலும் அதை எழுதி வாங்கிக்கொண்டோம்.